ரோசியின் வள்ளத்தில் நான் போட்ட கல்

டீச்சர்,

இன்று சனிக்கிழமை. அப்பாவின் வெள்ளைச் சட்டைகளுக்கு நீலம் போட்டுக்கொண்டிருந்தேன். பொட்டலத்தைப் பிரித்து ஒரு சிட்டிகை வாளித் தண்ணீரில் போட்டதும் அது கீழே இறங்கி, புகை மாதிரி விரிந்து, வாளி முழுக்கப் பரவியது. அதைப் பார்த்தபின் என்னால் அடுத்த சட்டையை எடுக்க முடியவில்லை. நீலம் பூசிய கையோடு வந்து இந்தத் தாளை எடுத்துவிட்டேன். ஓரமெல்லாம் என் விரல் ரேகை. அம்மா பின்கட்டிலிருந்து, "ஏளா, சட்டையெல்லாம் தானா முங்கி தானா காயுமோ?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கேட்கட்டும்.

இதை உங்களுக்கு எழுத இதற்கு முன் மூன்று தடவை உட்கார்ந்திருக்கிறேன். அப்போதெல்லாம் நீங்கள் எங்கள் வீட்டு முன்னறையில், ஒரு சுவர் தள்ளி இருந்தீர்கள். எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளியிருந்தால் போதும். மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். இப்போது அந்த அறையில் துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒரு சார் குடியிருக்கிறார். எந்நேரமும் ரேடியோ பாடுகிறது. நான் சொல்ல வந்தது அதுவல்ல. ரோசியின் ஓலை வள்ளத்தில், அந்தச் சின்னப் படகில், கல்லைப் போட்டது நான். நீங்கள் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நான் வாயைத் திறக்கவில்லை.

பால்வாடி டீச்சராகி நீங்கள் எங்கள் மில்லர்புரம் வீட்டுக்குக் குடிவந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்தேன். சாத்தான்குளம் பஸ்ஸிலிருந்து ஒரு தகரப் பெட்டியும் ஒரு கட்டுப் பனையோலையுமாக இறங்கி வந்தீர்கள். "ஓலை எதுக்கும்மா, முன்னறையில குடிசை போடப் போறீங்களா?" என்று அப்பா கேட்டார். "இல்ல சார், இருபது பிள்ளைகளுக்கு பொம்மை, பந்து, விசிறி எல்லாம் இதுதான்" என்றீர்கள். அப்பாவுக்கு உங்களைப் பிடித்துப் போனது. எனக்குப் பிடிக்க இரண்டு நாள் ஆனது. உங்கள் பெட்டியில் ஒரு புத்தகம்கூட இல்லை என்று பார்த்துவிட்டிருந்தேன்.

லீவு முழுக்க உங்களோடு பால்வாடிக்கு வந்தேன். கடற்கரைத் தெருவில், வலை போட்டுவைக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில், ஓடு வேய்ந்த ஒற்றை அறை. மூன்று வயதிலிருந்து ஐந்து வயது வரை பிள்ளைகள். ஆபீஸிலிருந்து கொடுத்த சுவர்ப் படங்களில் ஆப்பிளும் பனிமலையும் கம்பளிச் சட்டை போட்ட பையனும் இருந்தார்கள். பிள்ளைகள் ஆப்பிளைத் தக்காளி என்றார்கள். பனிமலையை உப்புக் குவியல் என்றார்கள். நான் திருத்தப் போனேன். நீங்கள், "உப்பளத்த தினமும் பாக்குற பிள்ளைகள். சரியாத்தான சொல்லுதுவ?" என்று சொல்லி, படத்தைத் திருப்பி மாட்டி, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் அவர்களையே வரையச் சொன்னீர்கள்.

கணக்கு, பாட்டு, படம் என்று உங்களுக்குத் தனித்தனி மணி கிடையாது. யாராவது ஒரு தாய் காலையில் ஒரு மீனைக் கொண்டுவந்து தருவாள். அதை வாழையிலையில் வைத்து, "இது எங்கன இருந்து மூச்சு விடும்?" என்று கேட்பீர்கள். பிள்ளைகள் செவுளைத் தூக்கிக் காட்டுவார்கள். உள்ளே ஏன் சிவப்பு என்று ஒருத்தி கேட்பாள். பிறகு களிமண்ணில் அந்த மீனைச் செய்வார்கள், செவுளை நகத்தால் கீறுவார்கள், எத்தனை கீறல் என்று எண்ணுவார்கள், எண்ணியதைப் பாட்டாக இழுப்பார்கள். நான் ஒரு மூலையில் உட்கார்ந்து, இது அறிவியலா ஓவியமா என்று என் நோட்டில் எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் விழிப்பேன். "என்ன லைப்ரேரி அம்மா, இன்னைக்கும் தலைப்பு கெடைக்கலையா?" என்பீர்கள்.

அந்தக் கேலிதான் என்னைக் கிளப்பிவிட்டது என்று இப்போது சொன்னால் அது சாக்கு. நானும் ஒரு நாள் அப்படிப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்று எனக்கு வெறி. நூலகத்திலிருந்து சின்னப் பிள்ளைகளுக்கான சோதனைகள் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தேன். மிதப்பதும் மூழ்குவதும் என்று ஒரு பாடம். படகு செய்து தண்ணீரில் விட வேண்டும். ஒவ்வொரு கல்லாகப் போட்டு எண்ண வேண்டும். எத்தனையாவது கல்லில் படகு மூழ்குகிறது? அவ்வளவுதான் பாடம். அதில் ஓவியம் இல்லை. நான் சேர்த்தேன். அதில்தான் எனக்குப் பெருமை.

முந்தின நாள் சாயங்காலம் உங்களிடம் சொன்னேன். ஓலையில் வள்ளம் செய்யலாம், வண்ணம் பூசலாம், ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு வள்ளத்தின் பேரை வைக்கலாம் என்றேன். உங்கள் முகம் மலர்ந்தது. "நல்லாருக்கே! செஞ்சு தண்ணியில விடுத வரைக்கும் நீ பாரு. நான் உப்புமாவ எறக்கிட்டு வந்துருதேன்" என்றீர்கள். கல் போடும் பகுதியை நான் சொல்லவில்லை. உங்களை ஆச்சரியப்படுத்த அதை ஒளித்து வைத்திருந்தேன்.

மறுநாள் காலை மாதிரி ஒரு காலை அந்த அறைக்கு வந்ததே இல்லை. சுண்ணாம்பு, மஞ்சள், செங்கல் பொடி, எங்கள் வீட்டிலிருந்து நான் திருடி வந்த நீலம். முகமெல்லாம் நீலம், தரையெல்லாம் மஞ்சள். 'ஆரோக்கியமாதா' என்றான் ஒருவன். 'அந்தோணியார்' என்றார்கள் மூன்று பேர், அதற்கு ஒரு சண்டை. நான்கு வயது ரோசி தன் வள்ளத்துக்கு முன்னும் பின்னும் சிலுவை போட்டு, பாய்மரத்துக்கு ஈர்க்குச்சி நட்டு, உள்ளே ஒரு சோழியை வைத்தாள். சோழிதான் அவள் அப்பா. அண்டாத் தண்ணீரில் எல்லா வள்ளமும் மிதந்தன. பிள்ளைகள் கை தட்டினார்கள். நீங்கள் பின்பக்கம் அடுப்படியில் ஆயாவோடு இருந்தீர்கள்.

அப்போது நான் கூழாங்கற்களை எடுத்து வைத்து, "இப்ப ஆளுக்கு ஒரு கல்லு போடுங்க. எது முதல்ல மூழ்குதுன்னு பாப்போம்" என்றேன்.

யாரும் அசையவில்லை. புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடி சொன்னேன். ரோசி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எங்கப்பா அதுல இருக்காவ."

"அது சோழி, பாப்பா. இது வெறும் ஓலை. பாரு, அக்கா போடுதேன்."

போட்டேன். கொஞ்சம் பெரிய கல்லாகத்தான் எடுத்தேன், சட்டென்று விளங்க வேண்டுமே என்று. வள்ளம் ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் புகுந்து, போய்விட்டது. நீலம் மட்டும் மேலே கசிந்து வந்தது. ரோசி அழவில்லை. தோள்வரை கையை விட்டுத் துழாவி, ஓலையை எடுத்தாள். மறுபடி துழாவிச் சோழியை எடுத்தாள். சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட வாசலைத் தாண்டிப் போனாள். பின்னாலேயே மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொரு வள்ளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்கள். உப்புமா வாசனை வந்துகொண்டிருந்தது. ஒரு பிள்ளைகூடத் திரும்பவில்லை.

கால் மணி நேரத்தில் தாய்மார் வந்தார்கள். முன்னால் ரோசியின் அம்மா சலேத் அக்கா, மீன் வெட்டிய கையைக்கூடக் கழுவாமல்.

"எவளா சொன்னா முங்கடிக்க? ஆம்பளைய கடல்ல கெடக்கையில, பேரு வச்சு, சிலுவையும் போட்டு முங்கடிச்சிருக்கியளே! எவ சொன்னா?"

நீங்கள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தீர்கள். அண்டாவைப் பார்த்தீர்கள். கற்களைப் பார்த்தீர்கள். என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தான் சொன்னேன்" என்றீர்கள்.

அதன்பிறகு அவர்கள் பேசியதையெல்லாம் எழுத என் கை வரவில்லை. புத்தகத்தை நெஞ்சில் அழுத்திக்கொண்டு சுவரோரம் நின்றேன். 'நான்' என்று ஒரு சொல். வாய்க்குள் அது உப்புக் கல் மாதிரி கிடந்தது. விழுங்கிவிட்டேன்.

அன்று மாலை கச்சான் காற்று எழும்பியது. கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும் மேல்காற்று. போன வள்ளங்களில் இரண்டு திரும்பவில்லை. ஒன்று ரோசி வீட்டு வள்ளம். மறுநாள் மத்தியானம் இரண்டும் வந்து சேர்ந்தன, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த நேரம் வரை நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. காற்று ஓலையைப் பார்த்து வருவதில்லை என்று என் புத்தகத்துக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் என்ன? சாப்பிட உட்கார்ந்தால் அந்த அண்டாதான் தெரிந்தது.

மூன்று நாள் ஒரு பிள்ளையும் வரவில்லை. நீங்களும் நானும் ஆயாவும் மட்டும். மேற்பார்வைக்கு வரும் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளைகள் வரலைன்னா இத வேற ஊருக்கு மாத்திருவாங்க, பாத்துக்கோங்க" என்று சொல்லிப் போனாள். அன்றைக்கே என்னையும் கூட்டிக்கொண்டு கரைக்கு நடந்தீர்கள். மன்னிப்புக் கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன்.

சலேத் அக்கா கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"பனங்காட்டுக்காரிக்கு இங்கன என்ன சோலி? கடலப் பத்திப் பாடம் எடுக்க வந்தியாக்கும்?"

"எடுக்கத் தெரியலன்னுதான் கேக்க வந்தேன். பனையப் பத்தின்னா நான் சொல்லுவேன்."

"ஏறுவியோ?" சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"எங்கப்பா ஏறுனாவ. அவுக மரத்துல இருக்கையில எங்க வீட்டுல ஒரு சட்டியக் கூடக் கீழ போட மாட்டோம். சத்தம் கேட்டா அம்மா ஓடிப் போயி மரத்த அண்ணாந்து பாப்பா. அந்த ஒரு வார்த்தைய எங்க வீட்டுல யாரும் சொல்லவே மாட்டோம்."

எந்த வார்த்தை என்று நீங்கள் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. சலேத் அக்கா கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தாள். "இந்தா இரு" என்று ஒரு பலகையைத் தள்ளினாள். உங்கள் அப்பா மரமேறியவர் என்று நீங்கள் எங்கள் வீட்டில் ஒருபோதும் சொன்னதில்லை.

"ஒங்க பிள்ளைக்கு வள்ளத்தப் பத்தி நீங்க என்ன சொல்லிக் குடுப்பீங்க?" என்று கேட்டீர்கள்.

அவள் உப்புக் கையைச் சேலையில் துடைத்தாள். "நாங்க என்னத்தச் சொல்லிக் குடுக்கோம், அதுவளே பாத்துக்கிடும். வெறும் வள்ளத்த நம்பப்படாது. காத்துக்கு ஆட்டமா ஆடும். அடியில பாரம் கெடந்தாத்தான் நிக்கும். கல்ல அள்ளிப் போட்டுட்டுத்தான் போவாவ."

"கல்லா?" என்றீர்கள். அப்போது மட்டும், ஒரு நொடி, என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள்.

"கல்லுதான். எவ்வளவுன்னு தெரியணும்ல்லா."

பிறகு என்னிடம், "நீ முன்னால போயி பால்வாடியத் தொறந்து வையி" என்றீர்கள். நான் போய்விட்டேன். நீங்கள் இன்னும் கொஞ்ச நேரம் அங்கே உட்கார்ந்திருந்தீர்கள்.

மறுநாள் பத்துப் பிள்ளைகள் வந்தார்கள். அதற்கு மறுநாள் எல்லோரும். புது ஓலை, புது வண்ணம், அதே அண்டா. வள்ளத்தை மிதக்கவிட்டு நீங்கள் விசிறியால் வீசினீர்கள். எல்லாம் ஆட்டமாய் ஆடின. "ஐயையோ, காத்து வந்துட்டே! இப்ப வள்ளம் ஆடாம நிக்கணும். என்ன செய்யலாம்?" பிள்ளைகள் பாய்ந்தார்கள். மணல், சோழி, பொடிக்கல். ஒருவன் ஒரு பக்கமாகவே போட்டான். சலேத் அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் பொறுக்கமாட்டாமல், "ஏலே, நடுவுல போடுலே" என்று உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். ரோசி ஒவ்வொரு சோழியாகப் போட்டு, விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே தன் சுண்டுவிரலை வைத்து அளந்து பார்த்தாள். "போதும்" என்று அவளே சொன்னாள். நீங்கள் வீசினீர்கள். வள்ளம் நின்றது.

அதே தண்ணீர், அதே கல், அதே எண்ணிக்கை. என் புத்தகம் எத்தனையாவது கல்லில் போகும் என்று கேட்டது. நீங்கள் எத்தனையாவது கல்லில் நிற்கும் என்று கேட்டீர்கள். அந்த வாரமே வீட்டிலிருந்து தண்ணீருக்குள் கீழே போக வேண்டிய சாமான் ஒன்றும், மேலே இருக்க வேண்டிய சாமான் ஒன்றும் கொண்டுவரச் சொன்னீர்கள். ஈயக்குண்டு வந்தது, வலைமிதவை வந்தது. சங்கு குளிக்கும் ஒருவர் தன் மகளோடு, கடலுக்குள் இறங்கும்போது கால் வைக்கும் குளிகல்லைத் தூக்கி வந்து, மூச்சைப் பிடித்து இறங்குவதை நடித்துக் காட்டினார். பிள்ளைகள் அதைக் கரியால் சுவரில் வரைந்தார்கள். கீழே போவதையும் அவர்கள் பயமில்லாமல் பேசினார்கள், ஏனென்றால் அது மேலே வருவதற்காகப் போவது. நான் எல்லாவற்றையும் என் நோட்டில் எழுதினேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

ஒன்றரை வருஷம். டவுன் பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த நிறுத்தத்துக்குள் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். நிறுத்தம் வரும். "எறங்கு, எறங்கு, கனவு கண்டது போதும்" என்பீர்கள். உங்களிடம் சொல்வது கூட முக்கியமில்லை, உங்களுக்குத் தெரியும். அவர்களிடம் சொல்ல வேண்டும். கடற்கரைத் தெருவில் யாராவது, "நம்ம டீச்சரு நல்ல டீச்சரு, ஒரு நாளுதான் புத்தி கெட்டுப்போச்சு" என்று சிரிக்கும்போதெல்லாம் நீங்களும் சேர்ந்து சிரிப்பீர்கள். நான் ஏதாவது பாத்திரத்தைக் கழுவப் போய்விடுவேன்.

போன ஐப்பசியில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. ஊருக்குப் போய் இரண்டு நாள் படுத்திருந்து வருவதாகச் சொன்னீர்கள். டைபாய்டு என்று கடிதம் வந்தது. அடுத்து வந்த தந்தியை அப்பா பிரித்துவிட்டு என்னிடம் கொடுக்கவில்லை. அடக்கத்துக்குக் கடற்கரைத் தெருவிலிருந்து பன்னிரண்டு பெண்கள் பஸ் ஏறி வந்திருந்தார்கள். பனைகளுக்கு நடுவே செம்மண்ணில் நின்றுகொண்டு அவர்கள் அழுததை ஊரே பார்த்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. சாவு வீட்டில் என் பாரத்தை இறக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு வராமல் நேரே கடற்கரைத் தெருவுக்கு நடந்தேன். பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குப் படிக்க உட்கார்ந்தால் ஒரு வரி மண்டையில் ஏறவில்லை, டீச்சர். சலேத் அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன். அன்றைக்குக் கல்லைப் போடச் சொன்னதும் நான், போட்டதும் நான், டீச்சருக்கு அது முன்னாடி தெரியவே தெரியாது என்றேன்.

அவள் சுளகை நிறுத்தவில்லை.

"தெரியுமே."

"என்னது?"

"ரோசி அன்னைக்கே சொல்லிட்டா. அக்காதான் போட்டான்னு."

"பின்ன ஏன் டீச்சர ஏசினீங்க?"

"அவதான் நான்னு முன்னால வந்து நிக்காளே. அவள ஏசாம, சுவத்துல பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நின்ன உன்னையா ஏச?" என்று சிரித்தாள். பிறகு சுளகைக் கீழே வைத்தாள். "கரைக்கு வந்தாள்லா, அன்னைக்கு உன்ன முன்னால அனுப்பிட்டு அவ இருந்தா. நான் கேட்டேன், அந்தப் பிள்ளைதான செஞ்சுது, நீ எதுக்கு ஏச்சு வாங்குதன்னு. 'அவளே வந்து சொல்லுவா. அது வரைக்கும் நீங்க யாரும் கேக்கப்படாது'ன்னா. நாங்களும் கேக்கல. என்ன, கொஞ்சம் நாளாக்கிட்ட."

டீச்சர், அந்தத் தெரு முழுக்க இரண்டு வருஷமாக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அவர்களுக்குத் தெரியும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியாது. நீங்கள் பஸ்ஸில் என் பக்கத்தில் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்த நாட்களை எண்ணிப் பார்க்கிறேன். அவையெல்லாம் நீங்கள் எனக்கு இடம் விட்டுக் கொடுத்த நாட்களா? கேட்க முடியாது. 'வருவாள்' என்று சொன்ன உங்கள் சொல்லைக் காப்பாற்ற நான் வந்தேன். நீங்கள் பார்க்கும்படி வரவில்லை.

சலேத் அக்கா உள்ளே திரும்பி, "ஏளா ரோசி, கேட்டியா? அக்கா வந்து சொல்லிட்டா" என்றாள்.

ரோசி இப்போது ஒன்றாம் வகுப்பு. தரையில் குப்புறப் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "எங்கிட்டச் சொல்லலையே" என்றாள்.

அவள் முன்னால் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பெரியவளிடம் சொன்னதெல்லாம் ஒன்றுமே இல்லை, டீச்சர். இந்த ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லும் முன் அவள் ரப்பரை எடுத்து இரண்டு தடவை கீழே வைத்தேன். "ஒன் வள்ளத்துல நான் கல்லு போட்டேன், ரோசி. அப்பா இருக்காவன்னு நீ சொன்ன. நான் கேக்கல" என்றேன். அவள் பென்சிலை வாயில் வைத்து என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. ஏதோ கணக்கைச் சரிபார்க்கிற மாதிரி ஒரு பார்வை.

"அவ்வளவு பெரிய கல்லு எதுக்குக்கா எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

ஒரு வாரமாகிறது. சட்டென்று விளங்கத்தான் எடுத்தேன் என்று அவளிடம் சொன்னால் அதுவும் சாக்கு. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன், படிக்கிறேன், தூங்காமல் புரள்கிறேன். 'தெரியல ரோசி, யோசிச்சிட்டு வந்து சொல்லுதேன்' என்று அன்றைக்கு அவளிடம் சொல்லி வந்தேன். நாளை ஞாயிறு. போக வேண்டும்.